அச்சேறிய கட்டுரையும் அம்மாவின் சுரண்டியும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. வீட்டுச் செய்தி, மழைச் செய்தி, விடுதிச் சாப்பாட்டுச் செய்தி எல்லாவற்றையும் நீட்டி எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். வேண்டியதைக் கேட்பதற்குள் வீட்டை நாலு சுற்றுச் சுற்றி வருவாய். சரி, கேள்விக்கு வருகிறேன்.

"நிபுணர்கள் வாசித்து, சரி பார்த்து, ஆய்விதழில் போட்ட கட்டுரை எப்படி அண்ணே பிழையாகும்? அப்படியும் பிழையாகலாம் என்றால் பிறகு எதைத்தான் நம்புவது?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, திருப்பி அனுப்பப்பட்ட உன் கட்டுரையை, காசு கட்டினால் பத்தே நாளில் போட்டுத் தருகிற ஓர் இதழுக்கு அனுப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேறு வேறு கேள்வி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாய். இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். பொறுமையாக வாசி. நடுவில் விட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்காதே.

முதலில் அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கட்டுரை இதழாசிரியரிடம் போகிறது. பொருந்தாது என்று பட்டால் அங்கேயே திருப்பிவிடுவார். பொருந்தினால் அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். அவர்களுக்கு இதற்குச் சம்பளம் கிடையாது. விரிவுரை, விடைத்தாள் திருத்தல், வீட்டு வேலை எல்லாம் முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நீ எழுதிக் கொடுத்த தாள் மட்டும். உன் மண் மாதிரியை அவர்கள் தொடுவதில்லை. நீ அளந்த மலைக்கு அவர்கள் ஏறுவதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கின் வாயில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்களே, அவ்வளவுதான் அவர்களால் முடியும். முற்றல் இலை மேலே கிடந்தால் பிடிபடும். அடியில் கிடந்தால் தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பாய். பி.எம்.ஜே. என்ற பிரித்தானிய மருத்துவ இதழ் தன் மதிப்பீட்டாளர்களையே சோதித்துப் பார்த்தது. அச்சுக்குத் தயாராக இருந்த ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி அவர்களுக்கு அனுப்பினார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் வாசித்துப் பதில் எழுதினார்கள். 1998இல் முடிவு வெளியானது. ஒருவர் கண்டுபிடித்த குறைகள் சராசரியாக 2. இத்தனைக்கும் அவர்கள் சோம்பேறிகளோ அறிவிலிகளோ இல்லை. நல்ல இதழின் நல்ல வாசகர்கள். அந்த வேலையின் எல்லையே அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு விஞ்ஞானம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது என்றும் நினைத்துக்கொள்ளாதே. நேச்சர் இதழ் வெளியாட்களின் மதிப்பீட்டை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973இல். அதே இதழில் 1953இல் வந்த, டி.என்.ஏ.யின் வடிவத்தைச் சொன்ன வொட்சன், கிரிக் கட்டுரை அப்படி யாரிடமும் போகாமல் வந்ததுதான். ஆகவே இந்த முத்திரைக்கு நீ கொடுக்கிற வயதும் கூட, மதிப்பும் கூட.

இனி உன் சொந்த மண்ணுக்கு வா. வெளிநாட்டு உதாரணத்தைச் சொன்னால் "அது அங்கே அண்ணே" என்று தட்டிக்கழிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

பதுளை மாவட்டத்துக்கு இரண்டு முகம். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கம் தேயிலை மலை. வடக்கே இறங்கினால் மஹியங்கனை, றிதீமாலியத்த, கிராந்துருக்கோட்டை என்று மகாவலித் தண்ணீரை நம்பிய வரண்ட நெல் நாடு. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த ஒரு சிறுநீரக நோய், நம் மாவட்டத்தின் அந்தக் கீழ்ப் பக்கத்தையும் பிடித்தது. நீரிழிவும் இருக்காது, இரத்த அழுத்தமும் இருக்காது. வயலில் நின்று பாடுபட்ட மனிதனின் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும். காரணம் தெரியவில்லை என்பதையே நோயின் பெயரில் சேர்த்து எழுதும்படி ஆயிற்று. கடின நீர், புளோரைட், கட்மியம், ஆர்சனிக், பூச்சிமருந்து, வெயிலில் உடல் வற்றுவது, பரம்பரை என்று ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வொன்றைச் சுட்டினார்கள்.

2014 பெப்ரவரியில் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க ஆகிய மூவரின் கட்டுரை ஒன்று, சுற்றாடலும் பொதுச் சுகாதாரமும் பற்றிய ஒரு சர்வதேச இதழில் வந்தது. எம்.டி.பி.ஐ. என்ற பதிப்பகத்தின் இதழ். மதிப்பீட்டாளர்கள் வாசித்துத்தான் வந்தது. கிளைபோசேட் என்ற களைகொல்லி கடின நீரோடும் நச்சு உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள். "முன்வைத்த" என்பதைக் கவனி. நோயாளிகளைப் பரிசோதித்துக் கண்ட புதிய முடிவு எதுவும் அந்தக் கட்டுரையில் இல்லை. தெரிந்த தகவல்களைக் கோத்து, இப்படி இருக்கலாமோ என்று கேட்ட கட்டுரை அது. தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது.

அந்தக் கேள்விக்குறி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை.

2014 மார்ச்சிலேயே கிளைபோசேட் தடை பற்றிய பேச்சு எழுந்து அடங்கியது. ஆண்டு முடிவில், நோய் கூடிய சில பிரதேசங்களில் மட்டும் விற்பனையை நிறுத்தினார்கள். நம் மாவட்டத்து மஹியங்கனையும் றிதீமாலியத்தவும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2015இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசு நாடு முழுவதற்கும் தடை போட்டது. ஒரு கட்டுரைதான் தடையைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. பிரசாரம் இருந்தது, அரசியல் இருந்தது, கண்ணெதிரே சாகிற விவசாயிகள் இருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் கிளைபோசேட்டை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. அது புற்றுநோயைப் பற்றிய பேச்சு, சிறுநீரகத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் மேடையில் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. "சர்வதேச ஆய்விதழில் வந்துவிட்டது" என்ற ஒரு வரி, கேள்வி கேட்டவர்களின் வாயை அடைக்கப் போதுமானதாக இருந்தது. சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்தான் காரணம் என்பதற்குச் சான்று இருப்பதாகத் தெரியவில்லை என்று இலங்கையின் தேசிய விஞ்ஞானக் கழகம் சொன்னது. யார் காதிலும் ஏறவில்லை.

அம்மாவுக்கு அந்த இதழின் பெயர் தெரியாது. அதற்குப் பிறகு மலையில் புல் ஏறியது அவருக்குத் தெரியும். தோட்டத்தில் ஆள் குறைந்த காலம். இளசுகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் கையில் சுரண்டியைக் கொடுத்தார்கள். சரிவான மலையில் சுரண்டியால் இழுத்துப் புல் எடுத்தால் வேரோடு மேல்மண்ணும் கிளம்பும். அடுத்த மழையில் அது கான் வழியாக ஆற்றுக்குப் போகும். புல் மூடிய மலையில் அட்டையும் பாம்பும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் கால் வைத்தது யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிளைபோசேட்டுக்குப் பதிலாக வேறு களைகொல்லிகளை அடித்ததில், எம்.சி.பி.ஏ. என்ற மருந்தின் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. கடைசியில் 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். இத்தனைக்கும் நடுவில் கிராந்துருக்கோட்டைச் சிறுநீரக நோயாளியின் வரிசை குறைந்துவிடவில்லை. நோய்க்கான காரணம் இன்றைக்கும் தீர்ந்த விஷயம் இல்லை.

இந்த இடத்தில் நீ செய்யப்போகிற முதல் தவறு எனக்குத் தெரியும். "அப்படியென்றால் அந்த மூன்று பேரும் ஏமாற்றிவிட்டார்கள்" என்று கிளம்பிவிடுவாய். உட்கார். ஒரு கருதுகோளை எழுதி, கேள்விக்குறி போட்டு, இதழுக்கு அனுப்புவது ஏமாற்று இல்லை. விஞ்ஞானம் அப்படித்தான் நகரும். அவர்களில் சிலர் பிறகு கிணற்று நீரையும் நோயாளிகளின் சிறுநீரையும் வைத்து வேறு கட்டுரைகளும் எழுதினார்கள். அவையும் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்கவேண்டியவை. பிழை நடந்த இடம் வேறு. கேட்கப்பட்ட கேள்வியைப் பதிலாக எடுத்துக்கொண்டார்களே, அங்கேதான் பிழை. இதழின் மதிப்பீட்டாளர்களிடம் போன வினா "இதைப் பேசத் தகுமா" என்பது. அவர்கள் தகும் என்றார்கள். அதை நாடு "இது உண்மை" என்று வாசித்தது.

இரண்டாவது தவறும் எனக்குத் தெரியும். அது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது: "நம் மலையில் எத்தனை வருஷமாக அந்த மருந்தை அடித்தார்கள், நமக்கு அந்த நோய் வரவில்லையே. அப்போ மருந்து நல்லதுதானே?" கெட்டிக்காரத்தனமான பேச்சு, ஆனால் பாதிதான் சரி. அந்தக் கருதுகோளே கடின நீரும் சேரவேண்டும் என்கிறது. நம் மலை ஊற்று அப்படிப்பட்ட நீர் இல்லை. ஆகவே நம் மலையை மட்டும் காட்டி அந்தக் கருதுகோளைக் கொன்றுவிட முடியாது. அதைச் சோதிக்கக் கடின நீர் உள்ள ஊர்களில், மருந்து பட்டவர்களையும் படாதவர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மருந்து நல்லது என்று அடித்துச் சொல்வதும் அவசரம்தான். முதுகில் தாங்கியைச் சுமந்து, ஒழுங்கான கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிக்கிற ஆளின் உடம்பு இந்தப் பேச்சில் எங்கே என்று நீ கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கோபம்.

அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கம்பனிக்காரனின் பிள்ளையாகிவிடுவாய். 2000இல் வில்லியம்ஸ், குரோஸ், மன்ரோ என்ற மூவரின் பெயரில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. கிளைபோசேட் மனிதருக்கு ஆபத்தில்லை என்பது அதன் முடிவு. அதுவும் மதிப்பீடு செய்யப்பட்ட இதழ்தான். உலகமெங்கும் அரசாங்கங்களின் கோப்புகளில் அந்தக் கட்டுரை ஏறியது. 2017இல் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளில், அந்த மருந்தைச் செய்த மொன்சான்டோ நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. கட்டுரையை எழுதியதில் நிறுவனத்தின் ஆட்களுக்கே பங்கிருந்தது அவற்றிலிருந்து தெரிந்தது. அவர்கள் பெயர் எழுத்தாளர் வரிசையில் இல்லை. அந்த இதழ் கட்டுரையை மீளப்பெற்றது 2025இல். கால் நூற்றாண்டு! மதிப்பீட்டாளர்கள் அதைப் பிடிக்கவில்லை. பிடிக்கவும் வழியில்லை. யார் எழுதினார்கள் என்பது தாளில் தெரியாது.

இப்போது பார், ஒரே மருந்து, எதிரெதிரான இரண்டு கட்டுரைகள், இரண்டுமே அதே வாசல் வழியாக வந்தவை. "எனக்குப் பிடித்த பக்கத்துக் கட்டுரை மதிப்பீடு செய்யப்பட்டது, மற்றது விலைக்கு வாங்கியது" என்று பேசுகிறவனை நம்பாதே. அவன் நீயாக இருந்தாலும்.

பெரிய சபைகளும் இதில் தடுமாறுகின்றன. 2019 பெப்ரவரியில் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், ஜயசுமனவுக்கும் குணதிலக்கவுக்கும் விஞ்ஞானச் சுதந்திரத்துக்கான விருதை அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே மறுபரிசீலனைக்காக அதை நிறுத்திவைத்தது. அவ்வளவு பெரிய சபைக்கே கட்டுரையின் தகுதியை ஒரே பார்வையில் நிறுக்க முடியவில்லை என்றால், பதுளை பஸ் நிலையத்தில் நின்று பத்திரிகைத் தலைப்பை வாசிக்கிற மனிதன் என்ன செய்வான்?

சரி, ஏன் இப்படி ஆகிறது? ஆட்கள் கெட்டவர்கள் என்பது சோம்பேறிப் பதில். அமைப்பின் மேல் விழுகிற பாரத்தைப் பார். 2020இல் மட்டும் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இந்த மதிப்பீட்டு வேலைக்குப் பத்துக் கோடி மணித்தியாலத்துக்கு மேல் கொடுத்தார்கள் என்று ஒரு கணிப்புச் சொல்கிறது. கூலி இல்லாத வேலை. அதில் இலாபம் பார்ப்பது பதிப்பகங்கள். கூலியில்லாத வேலைக்கு ஆள் கிடைப்பது எப்படி என்று தோட்டத்தில் பிறந்த உனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆள் குறையக் குறைய, கேட்டவுடன் சரி என்கிறவரிடமே திரும்பத் திரும்பப் போகிறது. அவசரத்தில் வாசிக்கிறார், அல்லது தன் மாணவனிடம் தள்ளிவிடுகிறார்.

மறுபக்கம் எழுதுகிறவனின் கழுத்தில் கத்தி. பதவி உயர்வுக்குக் கட்டுரை, பட்டத்துக்குக் கட்டுரை, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்குக் கட்டுரை. எத்தனை என்பதுதான் கேள்வி, என்ன என்பது இல்லை. அந்தப் பசிக்குத் தீனி போடக் கடை திறக்காமல் இருப்பார்களா? ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து, அதன் உரிமையாளரான வைலி நிறுவனம் 2023இல் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெறவேண்டி வந்தது. காசுக்குக் கட்டுரை தயாரிக்கிறவர்களும் போலி மதிப்பீட்டாளர்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள். எல்லாமே "மதிப்பீடு செய்யப்பட்டவை".

முகவரியின் பாரமும் இருக்கிறது. இது உனக்கு வலிக்கும், ஆனாலும் தெரிந்துகொள். 1982இல் பீட்டர்ஸ், சேசி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பேர்பெற்ற இடங்களிலிருந்து வந்து ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, யாரும் கேள்விப்படாத ஆட்களின், யாரும் கேள்விப்படாத நிறுவனங்களின் பெயரைப் போட்டு, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றைத்தான் பழையவை என்று கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டை நிராகரித்துவிட்டார்கள். பெரும்பாலும் ஆய்வு முறை சரியில்லை என்றே காரணம் சொன்னார்கள். பதுளை என்று முகவரி போட்டு அனுப்புகிற உன் கட்டுரையை வாசிக்கிறவர் மனதிலும் அந்தத் தராசு ஆடும். ஆடாது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

"அப்போ இந்த மதிப்பீட்டையே தூக்கி எறியவேண்டியதுதானே அண்ணே?" கேட்பாய் என்று காத்திருந்தேன். எறிந்து பார். நாளைக்குக் காலையில் கிராந்துருக்கோட்டையில் சிறுநீரக நோய்க்குக் கஷாயம் விற்கிறவனும், ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீரை அளந்தவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். யார் பேச்சு இனிக்கிறதோ அவருக்குக் கூட்டம். ஓட்டை உள்ள வேலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோசமான கணக்கு, இல்லாத ஒப்பீட்டுக் குழு, சொன்னதற்கு மேல் போகிற முடிவு என்று எத்தனையோ பிழைகள் அங்கே தினமும் பிடிபடுகின்றன. நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவை வெளியே வருவதில்லை. வேண்டியது திருத்தம். மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுகிற இதழ்கள் இருக்கின்றன. மூலத் தரவை எல்லாருக்கும் திறந்து வைக்கச் சொல்கிற இதழ்கள் இருக்கின்றன. ஆய்வைத் தொடங்குமுன் என்ன செய்யப்போகிறோம் என்று பதிந்துவைக்கிற முறையும் வந்திருக்கிறது. இவை பரவினால் அடியில் கிடப்பதும் கொஞ்சம் வெளியே தெரியும்.

இனி உன் கட்டுரை. அனுப்பியிருந்தாய், முழுவதும் வாசித்தேன். கையால் புல் எடுத்த மலையில் மண் எவ்வளவு கழுவிப் போகிறது என்று அளந்திருக்கிறாய். அருமையான கேள்வி. யார் வலியிலிருந்து அது பிறந்தது என்பதும் தெரிகிறது. ஆனால் ஒரே மலை, ஒரே மழைக்காலம். அதை வைத்துக்கொண்டு "ஊவாத் தோட்டங்களில்" என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். முதல் மதிப்பீட்டாளர் அதைத்தானே கேட்டார்? இன்னும் இரண்டு சரிவிலாவது, இன்னொரு பருவத்திலாவது அளந்து வா, அல்லது தலைப்பைச் சுருக்கு என்றார். அது உன்மேல் பகை இல்லை தம்பி, உனக்கு இலவசமாகக் கிடைத்த ஆசான். அவருக்கு நன்றி எழுது. இரண்டாமவர் தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னாரே, அது வேறு கதை. பொருந்துகிறதை மட்டும் சேர். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று மரியாதையாக இதழாசிரியருக்கு எழுது. அப்படி எழுத உனக்கு உரிமை இருக்கிறது. பயந்து எல்லாவற்றையும் சேர்க்காதே, கோபத்தில் எல்லாவற்றையும் தள்ளாதே.

பத்து நாள் இதழ் வேண்டாம். காசு வாங்குகிற இதழ் எல்லாமே கள்ள இதழ் என்று நான் சொல்லவில்லை. கட்டணம் வாங்கி ஒழுங்காக நடத்துகிறவர்களும் உண்டு. 2013இல் ஜோன் பொகனன் என்ற பத்திரிகையாளர், பார்த்தவுடன் பிழை தெரியக்கூடிய ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்காதவையும் இருந்தன, கவனி. எந்த இதழ் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது உன் வேலை. ஆசிரியர் குழுவில் யார் என்று பார். அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேள். உன் துறையில் நீ மதிக்கிற ஆள் யாராவது அதில் எழுதியிருக்கிறார்களா என்று தேடு. சில நாளிலேயே ஏற்பதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் அங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை. 2014இல் அந்தக் கிளைபோசேட் கட்டுரையைப் போட்ட இதழையே, 2023இல் கிளாரிவேட் நிறுவனம் தன் தரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் அதில் வந்த எல்லாம் பொய் என்று ஆகாது. ஆனால் இதழின் பேரைக் காட்டி வாங்கிய புள்ளி ஒரே நாளில் காற்றில் போகும் என்பதை நினைவில் வை. செய்த வேலை மட்டுந்தான் நிற்கும். உன் இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான்.

பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. உன் விடுதியிலிருந்து ஒரு பஸ். மண்ணரிப்பை வருஷக்கணக்காகப் பார்த்தவர்களிடம் உன் அளவுகளைக் கொண்டுபோய்க் காட்டினாயா? இல்லை. கடல் கடந்த இதழுக்கு அனுப்ப இருந்த துணிச்சல், பக்கத்து ஊருக்குப் போக இல்லை. இதற்குத்தான் உன்னைத் திட்டவேண்டும் என்றிருந்தேன்.

நீ மனதுக்குள் முணுமுணுப்பதும் கேட்கிறது. "எல்லாரும் குறுக்கு வழியில் புள்ளி சேர்க்கிறார்கள். லயத்திலிருந்து படித்து வந்தவனுக்கு மட்டும் ஏன் இந்த நேர்மைப் பாரம்? நம் ஆட்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர்? நாங்களும் மேலே வரவேண்டாமா?" வரவேண்டும். வந்தே ஆகவேண்டும். ஆனால் இந்தக் கதையை இன்னொரு முறை நினைத்துப் பார். ஓர் ஆய்வு கவனமில்லாமல் வாசிக்கப்பட்டபோது, கம்பனி மேசையில் இருந்தவர் கையில் கொப்புளம் வரவில்லை. அமைச்சரின் கால் மலையில் வழுக்கவில்லை. தங்களைப் பற்றி எழுதியதை வாசிக்க முடியாதவர்கள்தான் விலை கொடுத்தார்கள். மலையில் அம்மா, கீழே வயலில் பேர் தெரியாத ஒரு சிங்கள விவசாயி. அவர்கள் இருவருக்கும் ஆங்கில இதழில் எதிர்க்கட்டுரை எழுத முடியாது. உன்னால் முடியும். அந்தப் படிப்பு உனக்கு மட்டும் கிடைத்ததற்கு வாடகை அது.

ஆகவே இனி ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால், இதழின் பெயரைப் பார்க்குமுன் சிலவற்றைக் கேள். இவர்கள் அளந்தார்களா, ஊகித்தார்களா? அளந்தார்கள் என்றால் எத்தனை பேரை, எங்கே, யாரோடு ஒப்பிட்டு? தரவைத் திறந்து வைத்திருக்கிறார்களா? காசு யாருடையது? வேறு யாராவது திரும்பச் செய்து அதே முடிவுக்கு வந்தார்களா? எதிர்த்து எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்? இத்தனைக்கும் பதில் தேட ஒரு முழு மாலை போகும். போகட்டும். சந்தேகப்படுவது சுலபம், உழைத்துச் சந்தேகப்படுவதுதான் படிப்பு. எதையும் நம்பமாட்டேன் என்று கைகட்டி நிற்கிறவனும் எல்லாவற்றையும் நம்புகிறவனும் ஒரே மாதிரிச் சோம்பேறிகள்.

பிறகு ஒருநாள் உன்னிடமும் ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வரும். அப்போது நேரம் இல்லை என்றால் முடியாது என்று உடனே எழுதிவிடு, வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதே. ஏற்றுக்கொண்டால் உட்கார்ந்து வாசி. முகவரியைப் பார்த்து எடை போடாதே. குறையை எழுது, எழுதியவனைக் குத்தாதே. புரியாத கணக்கைப் புரியவில்லை என்றே எழுது. கேள்விக்குறியோடு வந்த கட்டுரை கேள்விக்குறியோடுதான் வெளியே போகிறதா என்று பார்.

இப்போதைக்கு உன் கட்டுரைக்கு இரண்டு வேலை இருக்கிறது. இன்னும் இரண்டு மலையில் அளக்கவேண்டும், தலைப்பைச் சுருக்கவேண்டும். அடுத்த பருவ மழைக்கு முன் தொடங்கு. அம்மாவிடம் கேட்டால் எந்தச் சரிவில் மண் அதிகம் போகிறது என்று உன் கருவியை விட முன்னதாகச் சொல்வார். கேட்டுவிட்டு எனக்கு எழுது. இந்த முறை கேள்வியை முதல் வரியிலேயே வை.

அன்புடன்,
உன் அண்ணன்